எஸ்ஸா, அஞ்சா?

ஞாயிறு இரவு ஒன்பதரை மணி. முந்தின நாள் வத்தக்குழம்பைச் சூடாக்கலாம் என்று கிண்ணத்தை மைக்ரோவேவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். நான் ஒரு பொத்தானையும் தொடவில்லை. அதுவாகவே கத்தத் தொடங்கியது. பச்சை வெளிச்சத்தில் இரண்டே எழுத்து. முதலாவது எஸ், அடுத்தது இ.

"என்னவாம் அதுக்கு?" என்றாள் மனைவி.

"எஸ்.இ.யாம்."

"அப்படின்னா?"

ஆறு வருஷமாக எங்கள் சமையலறை மேடையில் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெட்டி. தவணைகூட இல்லை, ரொக்கம் எண்ணிக்கொடுத்து வாங்கியது. அது என்ன சொல்கிறது என்று கேட்டால் வீட்டுக்காரன் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கிறது. ஒயரைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் கழித்துச் சொருகினேன். அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் எஸ்.இ. குழம்பை அடுப்பில் ஏற்றினேன். அடுப்பு எந்த எரரும் காட்டாமல் எரிந்தது.

பரணிலிருந்து கையேட்டைத் தேடி எடுத்தேன். கேக்குக்கு எத்தனை நிமிஷம், டோக்ளாவுக்கு எத்தனை நிமிஷம், பன்னீர் டிக்காவை எந்தத் தட்டில் அடுக்குவது என்று பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார்கள். முட்டையை ஓட்டோடு வைக்காதே, ஈரத் துணியை உள்ளே வைத்துக் காயப்போடாதே என்று தாயினும் சாலப் பரிந்து அறிவுரை சொல்லியிருந்தார்கள். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் ஒரு கட்டம். இடப்பக்கம் நான்கு எரர் கோடுகள். வலப்பக்கம் நான்குக்கும் சேர்த்து ஒரே வரி: சேவை மையத்தை அழைக்கவும். நோய் நான்கு, மருந்து ஒன்று. அதுவும் நம் பர்ஸுக்குக் கொடுக்கும் பேதி மருந்து.

அழைத்தேன். தமிழுக்கு நான்கை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன், இந்தியில் பாட்டு வந்தது. என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று பதினோரு முறை தெரிவித்த பிறகு ஒரு பெண் வந்தார்.

"டிஸ்ப்ளேல என்ன சார் வருது?"

"எஸ்.இ. வருதும்மா."

"அது எஸ்ஸா, அஞ்சா சார்?"

திரும்பிப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெட்டியின் முகத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழே ஏழு ஒளிக்குச்சிகள். அந்த ஏழு குச்சியில் எஸ் எழுதினாலும் 5 எழுதினாலும் ஒரே மாதிரிதான் எரியும், ஒரு குச்சிகூட இடம் மாறாது. இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாத பலகையில் கோளாறின் பெயரை எழுதவைத்த மேதை எங்கோ குளிர்பதன அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வைத்த பரீட்சைக்கு நான் இங்கே விடை எழுத வேண்டும்.

"எஸ்ஸுன்னா என்ன, அஞ்சுன்னா என்னம்மா?"

"எதுவா இருந்தாலும் டெக்னீஷியன்தான் சார் வந்து பார்க்கணும்."

"அப்புறம் எதுக்கும்மா கேட்டீங்க?"

"சிஸ்டத்துல அந்தக் கட்டத்தை நிரப்பினாத்தான் சார் அடுத்த பக்கம் திறக்கும்."

புதன்கிழமை ஒரு தம்பி வந்தார். பார்க்க வந்த கூலி 500 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆகமொத்தம் 590. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்ன காலத்தில், சுமந்தவன் சுண்டைக்காயையாவது கொண்டுவந்து சேர்த்தான். இந்தத் தம்பி திருப்புளியைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. செயலியில் இரண்டு எழுத்தைத் தட்டினார். "போர்டு சார்" என்றார்.

"திறந்தே பார்க்கலையேப்பா?"

"இந்த எரர் வந்தா போர்டும் பேனலும் சேர்த்து மாத்தணும் சார். ஆப்புல அப்படித்தான் காட்டுது. 6,400 ஆகும். இதுக்குப் பதிலா எக்ஸ்சேஞ்சுல போட்டீங்கன்னா 1,000 ரூபாய் குறைச்சுப் புதுசே தருவாங்க."

அவர் கைப்பேசியை எட்டிப் பார்த்தேன். கோடை அடித்தால் உதிரிபாக எண் வருகிறது, விலை வருகிறது. காரணம் என்று ஒரு கட்டமே கிடையாது. வைத்தியம் பார்க்க வந்தவருக்கே நோய் எதுவென்று சொல்லித்தரவில்லை, விலைப்பட்டியலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு அன்றைக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி. இதே வேலையில் 'எல்' என்று காட்டும் பெட்டிகளுக்காகவும் போய்வருவாராம். அது கோளாறே இல்லை. குழந்தை கை வைக்காமலிருக்கப் போடும் பூட்டு, ஒரு பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் விடுபடும். அதற்கும் வந்து பார்த்த கூலி வந்து பார்த்த கூலிதான். ஒரு பொத்தானை மூன்று விநாடி அழுத்த 590 ரூபாய் வாங்குகிற வேலை, உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர்களுக்கே வாய்க்குமா என்பது சந்தேகம்.

மறுநாள் தெருமுனையில் மிக்சி, கிரைண்டர் பழுதுபார்த்து ஃபேனுக்குக் காயில் கட்டும் கடைக்குப் பெட்டியைத் தூக்கிப்போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். எஸ்.இ. என்றதும் எஸ்ஸா அஞ்சா என்று கேட்கவில்லை. "மழைக்காலம் வந்துடுச்சா, இனிமே வாரத்துக்கு ரெண்டு வரும். கீ பேடு ஷார்ட் சார்" என்றார்.

வெளித்தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகளில் ஒன்றின் தலை நட்சத்திர வடிவம், அதன் நடுவில் ஒரு முள். நம் வீட்டுத் திருப்புளி எதுவும் அதில் நுழையாது. நுழையக் கூடாது என்றே செய்தது. பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்: கிழிந்தால் வாரண்டி செல்லாது. வாரண்டியே செத்து ஐந்து வருஷமான பெட்டியில் அந்த ஸ்டிக்கர் மட்டும் கல்லறைக் காவலாளிபோல் விறைப்பாக நின்றது.

தகட்டைக் கழற்றியதும் அவர் கையை உள்ளே விடவில்லை. ரெசிஸ்டர் கோத்த ஒயரால் முதலில் கெப்பாசிட்டரில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினார். "ஒயரைப் பிடுங்கினாலும் இது உள்ளே வெச்சிருக்கும் சார். தெரியாம தொட்டா ஆள் காலி" என்றார். பிறகு பொத்தான் பலகையிலிருந்து போர்டுக்குப் போகும் ரிப்பன் ஒயரைக் கழற்றிவிட்டு, தகட்டை மூடி, மின்சாரம் கொடுத்தார். எரர் இல்லை. "ரிப்பனைக் கழட்டின பிறகும் வந்தா போர்டு மேல தப்பு. வரலைன்னா கீ பேடு மேல தப்பு. அவ்வளவுதான் கணக்கு." பள்ளிக்கூடப் பையன் வைத்திருக்கும் ரப்பரை எடுத்து ரிப்பனின் நுனியை மெல்லத் தேய்த்தார், பலகையைச் சூடுகாற்றில் காயவைத்தார், மாட்டினார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். "திரும்பி வந்தா அந்தப் பிளாஸ்டிக் தாளை மட்டும் மாத்திக்கலாம். ரிச்சி தெருவுல தேடினா கிடைக்கும். போர்டு கல்லு மாதிரி இருக்கு."

நடந்தது இவ்வளவுதான். பொத்தான்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, அவற்றின்மேல் மின்தடங்கள். நாம் அழுத்தும்போது மேல்தாளின் தடம் கீழ்த்தாளைத் தொடும். சாம்பார் ஆவியும் ஐப்பசி ஈரமும் இடையில் புகுந்தால் யாரும் அழுத்தாமலே தொட்டுக்கொள்ளும். யாரோ பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை என்று பெட்டி நினைக்கிறது, பயந்துபோய்க் கத்துகிறது. எஸ்.இ. என்ற வேதமந்திரத்தின் முழு உரை: 'கையை எடு.' இதைக் கையேட்டில் எழுத ஒரு வரி போதும். 'பொத்தான் பலகையில் ஈரம் இருக்கலாம், ஓரிரு நாள் காயவிட்டுப் பார்க்கவும்.' அந்த ஒரு வரியின் விலை 6,400 ரூபாய் என்பதால் எழுதவில்லை.

எனக்கு எரிவது இங்கேதான். கோளாறை யாரோ நிபுணர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் கூலி கொடுப்பது நியாயம். இந்தப் பெட்டி தன் நோயைத் தானே கண்டுபிடித்துவிடுகிறது. கண்டுபிடித்த நோய்க்கு நிறுவனம் பெயர் வைத்திருக்கிறது. பெயருக்கு நேரே பொருள் எழுதிய பட்டியலும் நிறுவனத்திடம் இருக்கிறது. பெட்டிக்குத் தெரியும், தொழிற்சாலைக்குத் தெரியும். காசு கொடுத்தவனுக்கு மட்டும் தெரியக் கூடாது. என் வீட்டில், என் மின்சாரத்தில், என் குழம்பைச் சுமந்துகொண்டு நிற்கும் ஒரு வேலையாள், எனக்குப் புரியாத பாஷையில் தன் பழைய முதலாளிக்குத் தகவல் சொல்கிறான். இப்படிப்பட்டவனுக்குத் தமிழில் ஒற்றன் என்று பெயர்.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்பார்கள். உண்மைதான், மைக்ரோவேவ் விளையாட்டுப் பொருள் இல்லை. அதன் கெப்பாசிட்டரின் மேல் சாதாரணமாக 2,100 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். மேக்னட்ரானுக்குப் போவது 4,000 வோல்ட் அளவில். கதவுக்குப் பின்னால் மூன்று சுவிட்சுகள் இருக்கின்றன. கதவு திறந்திருக்கும்போது முதல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விட்டால், மூன்றாவது சுவிட்ச் தன் கையாலேயே ஃபியூஸை எரித்துப் பெட்டியைச் சாகடித்துவிடும். அத்தனை எச்சரிக்கையோடு வடிவமைத்த பொருள். அந்த ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுகிறவனும், கதவுச் சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றுகிறவனும் முட்டாள்கள். தொழில் தெரியாதவர் தகட்டைக் கழற்றவே கூடாது, நானும் கழற்றவில்லை.

ஆனால் பட்டியலைப் படித்தால் ஷாக் அடிக்குமா? ஓர் எரர் கோடு பொத்தான் பலகையையும், இன்னொன்று வெப்பத்தை அளக்கும் சென்சாரையும், வேறொன்று கதவுச் சுவிட்சையும் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் எந்த வாசகர் கருகிப்போவார்? பொருள் தெரிந்தால் எது காயவைத்துப் பார்க்க வேண்டியது, எது உடனே ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியது என்று பிரித்தறிய முடியும். அறியாமையில்தான் ஆபத்து. எச்சரிக்கையின் பொருளை மறைத்துவிட்டு, மறைத்ததற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பவர்கள், ஊருக்குள் தீப்பிடித்தால் மணியடிப்பார்கள், எந்தத் தெரு என்று கேட்டால் கட்டணம் கட்டச் சொல்வார்கள்.

இன்னொரு கூத்தையும் கடைக்காரர் காட்டினார். கழற்றிய வெளித்தகட்டின் உட்புறத்தில் சர்க்யூட் படம் அழகாக அச்சடித்து ஒட்டியிருந்தது. சில மாடல்களில் அப்படி ஒட்டியிருப்பார்களாம். மருந்துச்சீட்டை நோயாளியின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டு, தையலைப் பிரித்தால் சிகிச்சை செல்லாது என்று நெற்றியில் நோட்டீஸ் ஒட்டுவது இதுதான். வால்வு ரேடியோக் காலத்திலும் பெட்டிக்குள் சர்க்யூட் படம் ஒட்டினார்கள். பின்னட்டையைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளட்டும் என்று ஒட்டினார்கள். அன்றைக்கு முள் வைத்த திருகாணி கிடையாது.

இந்தப் பெட்டியின் பிறப்பே ஒரு மெக்கானிக் மூளையின் குறுகுறுப்பில் நடந்தது. 1945-இல் ரேதியான் நிறுவனத்தில் ராடாருக்கான மேக்னட்ரானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகிப்போனது. தொடக்கப் பள்ளியைக்கூட முடிக்காத மனிதர். ஏன் உருகியது என்று கேட்டார், அடுத்துச் சோளத்தைப் பொரித்துப் பார்த்தார். 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் பெட்டி ஆளுயரம், 340 கிலோ எடை. 1967-இல் அது சமையல் மேடையில் உட்காரும் அளவுக்குச் சுருங்கியது. ஏன் என்று கேட்ட ஒருவரால் பிறந்த சாதனத்தை வாங்கியவன், இன்று ஏன் என்று கேட்டால் சேவை மையத்தை அழைக்கவும் என்கிறார்கள். ஸ்பென்சர் இன்று இருந்தால், அவர் சட்டைப்பை இனிப்பு உருகியதற்கே வாரண்டி மறுத்திருப்பார்கள்.

எரர் கோடு என்றாலே இப்படித்தான் ரகசியமாக இருக்க வேண்டுமா? தெருவில் நிற்கும் காரைப் பாருங்கள். அமெரிக்காவில் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டவர்கள், 1996 முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு காரிலும் கோளாறு சொல்லும் துளை ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும், புகை தொடர்பான கோடுகளுக்கு எல்லா நிறுவனத்துக்கும் ஒரே பொருள் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பி 0300 என்றால் எந்த நிறுவனத்தின் காரிலும் எஞ்சினில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை என்றே பொருள். விரலளவு கருவி ஒன்றை வாங்கிச் சொருகினால் கைப்பேசியில் படித்துவிடலாம். ஆயிரக்கணக்கான பாகங்கள் ஓடும் வண்டி தன் நோயை ஊரறியச் சொல்கிறது. குழம்பைச் சுடவைக்கும் டப்பா மட்டும் அணுகுண்டு ரகசியத்தைக் காப்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டு எஸ்.இ. என்கிறது. எஃப் 3 என்றால் ஒரு நிறுவனத்தில் ஒரு பொருள், அடுத்த நிறுவனத்தில் வேறு பொருள்.

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. குழு போட்டது. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைப்பேசி, வாகனம் ஆகியவற்றோடு வீட்டு உபயோகச் சாதனங்களையும் முக்கியப் பிரிவு என்று பட்டியலிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென்று ஓர் இணையதளத்தைத் திறந்துவைத்தது. திறந்து பார்த்தால் அங்கே என்ன இருக்கிறது? பெரும்பாலும் நிறுவனங்களின் சேவை மையத் தொடர்புகள். கையேட்டின் கடைசிப் பக்கத்தை அரசாங்கச் செலவில் மறுபதிப்பு செய்திருக்கிறார்கள். வேலியே ஓணானுக்கு விசிட்டிங் கார்டு அடித்துக்கொடுத்த மாதிரி.

மின்குப்பைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மைக்ரோவேவும் அதன் பட்டியலில் உண்டு. விற்ற கணக்குக்கு ஏற்ப இவ்வளவு குப்பை மறுசுழற்சி செய்யப்பட்டது என்று மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் நிறுவனத்தின் கடமை முடிந்தது. ரப்பரால் தேய்த்தால் உயிர்பிழைக்கும் பெட்டியைப் பழுதென்று சொல்லிக் குப்பைக்கு அனுப்புவார்கள், அதே குப்பைக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்கிச் சட்டம்போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள். கொன்றவனே கருமாதிக்குத் தலைமை தாங்கி, மாலையும் வாங்கிக்கொள்கிறான்.

விவரங்களை வெளியிட நிறுவனங்களால் முடியாது என்பதும் பொய். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சட்டம் 2024 ஜூலை 1 முதல், வீட்டுச் சாதனங்கள் உட்பட மின்னணுப் பொருள்களுக்குப் பழுதுபார்க்கும் குறிப்புகளையும் உதிரிபாகங்களையும் நியாயமான விலையில் உரிமையாளருக்கும் வெளிக் கடைக்காரருக்கும் கொடுக்கச் சொல்கிறது. அங்கே விற்கிறவர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அதே குறிப்பை இங்கே கேட்டால் பாதுகாப்புக் காரணம். மின்னசோட்டாக்காரன் படித்தால் அறிவு, மேட்டூர்க்காரன் படித்தால் விபத்து.

நாமும் யோக்கியர்கள் இல்லை. கடையில் கதவைத் திறந்து மூடிப் பார்ப்போம், கண்ணாடி டர்ன்டேபிள் சுற்றுகிறதா என்று பார்ப்போம், எத்தனை ஆட்டோ மெனு என்று கேட்போம். ஆறு வருஷத்தில் நான் தொட்ட மெனு ஒன்றுதான், அதுவும் பாப்கார்ன். எரர் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று வாங்கும்போது ஒருவரும் கேட்பதில்லை. கேட்காதவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் என்ன தப்பு?

எனவே கேளுங்கள். அடுத்த முறை கடையில் பணத்தை எடுக்கும் முன் எரர் கோடுகளின் பொருளோடு கூடிய பட்டியலைக் கேளுங்கள். இல்லை என்றால் பணத்தைத் திரும்பப் பைக்குள் வையுங்கள். வீட்டில் பெட்டி கத்தினால், குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒயரைப் பிடுங்கி, பொத்தான் பலகையைக் காயவிடுங்கள். அதற்குமேல் தகட்டில் கை வைக்காமல் தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். திறந்து பார்க்காமலே போர்டு என்று எழுதிக்கொடுத்தால், என்ன சோதனை செய்தார்கள் என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் 1915-ஐ அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது.

என் பெட்டி இப்போது ஓடுகிறது. அதன் மேல் அதேபோல ஒரு ரப்பரை வாங்கி வைத்திருக்கிறேன். விலை ஐந்து ரூபாய்.